இன்றிரவு அவளுக்கு யார் சோறு போடுகிறார்கள்?

கேள்வி இது: 10 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்காக ஒரு சரித்திர சாகச நாவல். களம் 18-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துத் தரங்கம்பாடி. நாயகி துடுக்கான அநாதைச் சிறுமி. நான்கு அத்தியாயங்கள் எழுதியாயிற்று, ஆனால் கதை நகரவில்லை. அவள் எல்லோரிடமும் எதிர்த்துப் பேசுகிறாளே தவிர எதுவும் நடக்கவில்லை. என்ன செய்யலாம்?

பெரும்பாலும் இந்த வகை நாவல் நின்றுபோவது ஒரே இடத்தில்தான். நாயகியை அநாதை என்று அறிவித்துவிட்டு, அதன் பிறகு அந்தச் செய்தியை எழுத்தாளர் மறந்துவிடுகிறார். பெற்றோர் இல்லாததால் அவள் இஷ்டப்படி சுற்றலாம் என்பதோடு அநாதை நிலைக்கு வேலை முடிந்துவிடுகிறது. 1713-ல் அப்படி ஒரு பிள்ளை இருந்திருக்க முடியாது. பெற்றோர் போனால் சித்தப்பா உண்டு, மாமன் உண்டு, ஊர்ப் பஞ்சாயத்து உண்டு. யாராவது ஒருவர் "இது எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று சொல்வார். சொல்கிறவருக்கு அவள் மீது உரிமையும் வந்துவிடும். அவளை வேலைக்கு அனுப்பலாம், கட்டிக்கொடுக்கலாம், கடனுக்கு ஈடாக ஒரு வீட்டில் விடலாம்.

ஆகவே ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள். இன்றிரவு அவளுக்கு யார் சோறு போடுகிறார்கள்? அதற்குப் பதிலாக என்ன கேட்கிறார்கள்? சோறு போடுகிறவர் மாறும்போதெல்லாம் கதை நகரும். மாறாமல் மூன்று அத்தியாயங்கள் போனால் கதை நின்றுவிட்டது என்று அர்த்தம். உங்கள் நான்கு அத்தியாயங்களிலும் அவள் பாட்டி வீட்டிலேயே சாப்பிடுகிறாள். சிக்கல் அங்கேதான்.

ஒரு மாதிரியைப் போட்டுப் பார்ப்போம். பெயர் காத்தாயி, வயது 11. அப்பா சலங்குப் படகில் துடுப்புப் போட்டவர், அலையில் போய்விட்டார். அம்மா அதற்கு முன்பே இல்லை. முதல் ஐந்து அத்தியாயம் சித்தப்பா வீடு: சோறு உண்டு, ஆனால் சித்தப்பாவுக்குக் கடன் இருக்கிறது, கடன் கொடுத்தவர் வீட்டில் அவளை விடப் பேச்சு நடக்கிறது. அடுத்த ஏழு அத்தியாயம் மதிலுக்குள்ளே பாதிரிமார் நடத்தும் பள்ளி: சோறும் துணியும் உண்டு, ஆனால் அவர்கள் சாமியை அவள் ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பும் உண்டு. அதன் பின் ஏழு அத்தியாயம் சாலை: சோறே கிடையாது. கடைசி ஐந்தில் திரும்பி வருகிறாள், இந்த முறை தன் கூலியில் சாப்பிடுகிறாள். மொத்தம் 24 அத்தியாயம், ஒவ்வொன்றும் சுமார் 1,200 சொல், எல்லாம் சேர்த்து 29,000 சொல்லுக்குள் முடியும். இந்த வயதுக்கு இது போதும். தமிழில் விகுதிகள் ஒட்டி ஒட்டி வருவதால் 29,000 சொல்லே கனமான புத்தகமாகிவிடும். 50,000 என்று திட்டமிட்டால் நடுவில் வர்ணனைதான் பெருகும்.

ஆண்டு 1713 என்று ஏன் சொல்கிறேன்? தரங்கம்பாடியில் சாகசக் கதைக்கு அதைவிட நல்ல ஆண்டு கிடைக்காது. டேனிஷ்காரர்களுக்குத் தஞ்சை ரகுநாத நாயக்கர் இடம் கொடுத்தது 1620-ல். ஜெர்மானியப் பாதிரிமாரான சீகன்பால்கும் புளுட்சோவும் வந்து இறங்கியது 1706 ஜூலை 9-ல். பெண்பிள்ளைகளுக்கான பள்ளி 1707-ல் தொடங்கியது. காத்தாயியை அங்கே சேர்ப்பதற்குச் சரித்திரமே கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கோட்டைத் தலைவர் ஹாசியஸுக்கும் பாதிரிமாருக்கும் ஆகாது. 1708 நவம்பரில் சீகன்பால்கைப் பிடித்துக் கோட்டைக்குள் அடைத்து நான்கு மாதம் கழித்துத்தான் விட்டார். 1713-ல் இது ஊரில் எல்லோருக்கும் நினைவிருக்கிற சமாச்சாரம், ஹாசியஸ் இன்னும் பதவியில் இருக்கிறார். அதாவது காத்தாயிக்குச் சோறு போடுகிறவர்களுக்கும் ஊரை ஆள்கிறவர்களுக்கும் நடுவே பகை. சிறுவர் நாவலுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அச்சு இயந்திரத்தின் கதையோ தனி நாவலுக்கே போதுமானது. இங்கிலாந்திலிருந்து 1711-ல் அனுப்பிய இயந்திரம் வழியில் பிரேசில் கரையோரம் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி, மீட்கப்பட்டு, 1712-ல் சென்னைக்கு வந்து சேர்ந்தது. அதோடு வந்த அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். ஆக இயந்திரம் இருக்கிறது, ஓட்ட ஆளில்லை. டேனிஷ் கம்பெனிப் படையிலிருந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு அந்த வேலை தெரிந்திருந்ததால் முதலில் போர்த்துகீசிய மொழியில் அச்சிட்டார்கள். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல்தான் வந்தன. எழுத்து வார்க்கத் தெரிந்த ஆட்லர் என்பவரும் சிறுவனான அவர் தம்பியும் அந்தக் கப்பலில் வந்தார்கள். தம்பியைக் கவனியுங்கள்: உங்கள் நாயகிக்கு ஏறக்குறைய ஒத்த வயதில், ஒரு சொல் தமிழ் தெரியாத, தொழில் தெரிந்த ஒரு பையன், ஆவணத்திலேயே இருக்கிறான். தோழமைக்கும் போட்டிக்கும் வேறு பாத்திரம் தேட வேண்டாம்.

ஹாலே எழுத்துகள் பெரியவை. ஒரு பக்கத்தில் கொஞ்சம்தான் அடங்கும், காகிதம் விழுங்கும். அதனால் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாறில் காகித ஆலை அமைந்தது 1715-ல். அதற்கு முன் கதை நடந்தால் ஒவ்வொரு தாளும் கப்பலில் வந்தது. காகிதம் திருடுபோனால் வேலை மாதக்கணக்கில் நிற்கும். பிள்ளைகளுக்கு இந்தப் பணயம் உடனே புரியும்.

இனி அச்சுக்கூடத்துக்குள் காத்தாயி என்ன செய்வாள்? இங்கே பொதுவாக நடக்கும் தவறு, ஒரே வாரத்தில் அவளை எழுத்துக் கோப்பவளாக ஆக்கிவிடுவது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு 1713-ல் எழுத்தே தெரிந்திருக்காது. பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகி, தட்டுத்தடுமாறி வாசிக்க ஐந்தாறு மாதமாவது ஆகும் என்று வையுங்கள். அதுவரை அவள் கைக்குக் கிடைக்கக்கூடிய வேலைகள்: மைக்காக விளக்குப் புகைக்கரியைச் சட்டியிலிருந்து வழித்துச் சேர்ப்பது, அச்சான எழுத்துகளைச் சாம்பல்நீரில் கழுவுவது, தாளை ஈரப்படுத்தி அடுக்குவது, அச்சான தாளைக் கொடியில் உலர்த்துவது.

அந்தக் காலத்து மர அச்சு எப்படி வேலை செய்தது என்பதைத் தெரிந்துகொண்டால் இங்கே காட்சிகள் தானாக வரும். இருவர் வேண்டும். ஒருவர் கம்பளி அடைத்த தோல்பந்துகள் இரண்டில் மையைத் தடவிக்கொண்டு எழுத்தின் மீது ஒற்றி எடுப்பார். மற்றவர் தாளை வைத்து, பலகையை உள்ளே தள்ளி, கைப்பிடியை இழுப்பார். அழுத்தும் பலகை தாளில் பாதி அளவுதான் இருக்கும். எனவே ஒரு தாளுக்கு இரண்டு இழுப்பு. உலர்ந்த தாளில் மை சரியாகப் பிடிக்காது, அதனால் முந்தின நாளே நனைத்து அடுக்கிப் பாரம் வைக்க வேண்டும். ஐப்பசி மழையில் அதே தாள் உலராது, பூசணம் பூக்கும். மை என்பது புகைக்கரியும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயும். எண்ணெய் காய்ச்சும்போது தீப்பிடிக்கும், அதனால் காய்ச்சுவது வீட்டுக்கு வெளியே. எழுத்து எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம்வலம் மாறியிருக்கும். கழுவிய எழுத்தை எழுத்துப் பெட்டியின் தவறான அறையில் போட்டுவிட்டால் அடுத்த பக்கத்தில் பிழை வரும், அந்தப் பிழைக்கு அடி வேறு ஒருவருக்கு விழும். ஒரு பையன் வாங்கவேண்டிய அடியை அவள் வாங்கினாலோ, அவள் செய்த பிழைக்கு அவன் வாங்கினாலோ, நட்பு ஒரு பக்கத்தில் உருவாகிவிடும், வசனம் வேண்டாம்.

துடுக்கு என்பதைப் பற்றி. பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசுவது துடுக்கு அன்று. அது எழுத்தாளர் அவள் வாயில் வைக்கும் இன்றைய பேச்சு. "பெண் என்றால் ஏன் கூடாது?" என்று 1713-ல் ஒரு சிறுமி தூணில் சாய்ந்துகொண்டு கேட்டால் வாசிக்கிற பிள்ளைக்கே அது பள்ளிப் பேச்சுப்போட்டி மாதிரி இருக்கும். அவள் துணிச்சல் ஒரு தெரிந்த வேலையிலிருந்து வரவேண்டும். காத்தாயிக்கு அலை தெரியும்.

அதற்குக் காரணம் அந்தக் கரை. தரங்கம்பாடியில் துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆளும் சரக்கும் சலங்கில்தான் கரைக்கு வரவேண்டும். சலங்கு ஆணி அடித்த படகு அன்று, பலகைகளைக் கயிற்றால் தைத்தது. ஆணி அடித்த ஐரோப்பியப் படகு அலையடியில் தரை தட்டினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். ஆனால் தையல் தளர்ந்தால் தண்ணீர் ஏறும், ஆகவே தையலை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அலை எப்போது தாழும், எப்போது துடுப்பை நிறுத்த வேண்டும் என்று சொல்வது படகுத் தலைவரான தண்டலின் வேலை. கரையில் வளர்ந்த பிள்ளைக்கு இது கண்ணில் படிந்திருக்கும். கடலுக்குள் போகும் படகில் பெண்ணை ஏற்றமாட்டார்கள் என்ற கட்டுப்பாட்டை அப்படியே வையுங்கள். முதலில் அவள் அதற்கு அடங்கித்தான் இருக்கவேண்டும், பிறகு ஒரே ஒரு முறை மீறவேண்டும், மீறியதற்கு விலையும் கொடுக்கவேண்டும்.

இந்தத் திறமையை மூன்று முறை பயன்படுத்துங்கள். முதல் அத்தியாயத்தில் சின்னதாக, பலிக்கும்படி. நடுவில் ஒரு முறை, அவள் கணிப்புத் தவறும்படி. அந்தத் தவறில் யாருக்காவது காயம் படட்டும், சாவு வேண்டாம். கடைசியில் பெரியதாக. நடுவில் தவறவிடாதவர்கள் எழுதும் நாயகிகள் பத்தாவது அத்தியாயத்துக்கு மேல் சலிப்பூட்டுகிறார்கள்.

முதல் அத்தியாயத்தின் தொடக்கம் பலரிடம் இப்படி இருக்கும்:

"கி.பி. 1713. தரங்கம்பாடி டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் முக்கிய வணிகத் தலமாக விளங்கியது. அங்கே காத்தாயி என்ற அநாதைச் சிறுமி வாழ்ந்துவந்தாள். அவள் மிகுந்த துணிச்சல்காரி."

இதையே இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

"கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தின் மீது ஏறி நின்றுகொண்டு காத்தாயி கத்தினாள்: 'துடுப்பத் தூக்குங்க!' சலங்கில் இருந்த எட்டுப் பேரும் அவளைப் பார்த்தார்கள். தண்டல் மட்டும் பார்க்கவில்லை. அவர் பின்னால் எழுந்த அலையைப் பார்த்தார். 'தூக்குங்கடா' என்றார். படகு கரையேறிய பிறகு அவளைக் கூப்பிட்டு, காதைத் திருகி, கையில் ஒரு காசு வைத்தார்."

ஆண்டு வரவில்லை, கம்பெனி வரவில்லை, துணிச்சல் என்ற சொல் வரவில்லை. ஆனால் அவளுக்கு என்ன தெரியும், அது மற்றவர்களுக்குப் பயன்படும், ஆனாலும் அவள் வாய்திறந்தது குற்றம், என்ற மூன்றும் வந்துவிட்டன. ஆண்டை மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு பஞ்சாங்கக்காரர் "விஜய வருஷம்" என்று சொன்னால் போதும்; 1713 சித்திரையில் தொடங்குவது விஜயதான், அடுத்தது ஜய. ஆங்கிலத் தேதியைக் காத்தாயிக்குச் சொல்ல யாருமில்லை.

தேதி விஷயத்தில் ஒரு விளையாட்டு இருக்கிறது, கதைக்கு நன்றாக உதவும். டேனிஷ்காரர்கள் 1700-லேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டார்கள். ஆங்கிலேயர் 1752 வரை பழையதிலேயே இருந்தார்கள். இரண்டுக்கும் அந்தக் காலத்தில் 11 நாள் வித்தியாசம். சென்னைக் கோட்டையிலிருந்து வரும் கடிதத்தில் போட்டிருக்கும் தேதியைத் தரங்கம்பாடித் தேதி என்று நினைத்தால் கணக்கு 11 நாள் பிசகும். கப்பல் இன்னும் வரவில்லை என்று ஒருவன் ஏமாறவோ, கடிதம் பொய் என்று ஒருவன் சாதிக்கவோ இது போதும்.

அதைவிட நல்லது ஓலை. அன்றைய ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. படிக்கிறவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பழகியவருக்கு அது சிரமமே இல்லை, ஆறு மாதம் படித்த பிள்ளைக்கோ பெரிய கண்ணி. "நாகப்பட்டணத்தில் கோடி வீட்டில் கொடு" என்று எழுதியிருப்பதை அவள் "கொடி வீட்டில் கொடு" என்று வாசிக்கிறாள் என்று வையுங்கள். தெருக்கோடி வீட்டுக்குப் போக வேண்டிய ஓலை, கொடி பறக்கும் டச்சுக் கம்பெனி வீட்டுக்குப் போய்விடுகிறது. பிழை அவளுடையது, வில்லனுடைய சூழ்ச்சி அன்று. சரிசெய்ய வேண்டிய பொறுப்பும் அவளுடையதே. வாசிக்கிற பிள்ளையும் ஓலையின் வாசகத்தைப் பழைய எழுத்தில் பார்த்து, தானே இரண்டு விதமாகப் படித்துப் பார்க்கலாம். அந்தப் பக்கத்துக்கு ஓவியரிடம் ஒரு படம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சாலைப் பகுதிக்கு வருவோம். பெரும்பாலானோர் "இரவு பகலாக ஓடி நாகப்பட்டினம் அடைந்தாள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். உண்மையில் புத்தகத்தின் சிறந்த பகுதி அங்கே காத்திருக்கிறது. தூரம் 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கதையில் யாரும் கிலோமீட்டர் சொல்லமாட்டார்கள், "ரெண்டு காதம்" என்பார்கள். 11 வயதுப் பிள்ளை கெட்டித் தரையில் மணிக்கு மூன்றரை கிலோமீட்டர் நடக்கும், மணலில் அதிலும் குறையும். வெறும் நடை மட்டும் ஒன்பது பத்து மணி நேரம், அன்றைய கணக்கில் 25 நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்). ஆனால் வழியில் நண்டலாறு, நூலாறு, வாஞ்சியாறு, அரசலாறு, திருமலைராயனாறு, வெட்டாறு என்று காவிரியின் கைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் விழுகின்றன. பங்குனி, சித்திரையில் முழங்கால் நனையாமல் கடக்கலாம். ஐப்பசியில் ஓடம் இல்லாமல் முடியாது, ஓடக்காரனுக்குக் காசு வேண்டும், அவளிடம் இருப்பது தண்டல் கொடுத்த அந்த ஒரு காசு. தரங்கம்பாடிக் கணக்கில் 80 காசு ஒரு பணம். ஒரு காசில் எத்தனை ஆறு கடக்கலாம் என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதலாம். ஆற்றுக்கு ஆறு அவள் வேறு வேறு விலை கொடுக்கட்டும்: ஒன்றில் காசு, ஒன்றில் உழைப்பு, ஒன்றில் பொய், ஒன்றில் நீச்சல்.

மாதத்தை மாற்றாதீர்கள். சாலைப் பகுதி ஐப்பசி, கார்த்திகையில் நடந்தால் கரையில் ஐரோப்பியக் கப்பல் எதுவும் நிற்கக்கூடாது. வடகிழக்குப் பருவக்காற்றில் அந்தத் திறந்த கடலில் நங்கூரம் தாங்காது. கப்பல்கள் அதற்கு முன்பே கிளம்பிவிடும். புயல் இரவில் கப்பலில் ஏறித் தப்பிக்கும் காட்சி பார்க்க அழகாக இருக்கும், கடல் தெரிந்த வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். கப்பல் காட்சி வேண்டுமென்றால் ஆடி, ஆவணியில் வையுங்கள்.

வழியில் என்னென்ன இருந்தது, என்னென்ன இல்லை என்பதில்தான் நேரில் போய்ப் பார்த்து வருகிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கண்ணுக்குத் தெரிவதை எல்லாம் 1713-க்குள் போட்டுவிடுவார்கள். தரங்கம்பாடி நகர வாசலில் இன்று நிற்கும் வெள்ளை வளைவு 1792-ல் கட்டியது. கடலோரத்து டேன்ஸ்போர்க் கோட்டையும், 1701-ல் எழுந்த சீயோன் கோயிலும், 1306-ல் தொடங்கிய மாசிலாமணிநாதர் கோயிலும் இருக்கலாம். இன்று இருக்கும் புதிய எருசலேம் தேவாலயம் 1718-ல் பிரதிஷ்டை ஆனது. 1713-ல் அவள் பார்ப்பது 1707-ல் கட்டிய சிறிய பழைய கோயில். காரைக்காலில் பிரெஞ்சுக்காரரைப் போடாதீர்கள், அவர்கள் அங்கே வந்தது 1739-ல். நாகூர் தர்கா உண்டு, ஆனால் இன்று தூரத்திலிருந்தே தெரியும் உயரமான மினாரா இல்லை; அது தஞ்சை பிரதாபசிங் காலத்தில் வந்தது, அவர் பட்டத்துக்கு வந்ததே 1739. நாகப்பட்டினம் 1658 முதல் டச்சுக்காரரிடம். அங்கே இன்று இல்லாத ஒன்று அன்று இருந்தது: சோழர் காலப் பௌத்த விகாரத்தின் மிச்சமாக ஒரு பாழடைந்த கோபுரம். கடலில் வருகிற மாலுமிகளுக்கு அதுதான் அடையாளம். 1867-ல் இடிக்கப்பட்டது. மூன்றாம் ஆற்றைக் கடந்த பிறகு வழிதவறிய சிறுமிக்கு வானத்தில் தெரியும் ஒரே புள்ளி அதுவாக இருக்கட்டும்.

சாப்பாட்டிலும் இதே கவனம் வேண்டும். தக்காளி ரசம், உருளைக்கிழங்கு, காபி, தேநீர், கடலை எண்ணெய் எதுவும் அவள் வாயில் பட்டிருக்காது. பழைய சோறு, கேப்பைக் கூழ், கருவாடு, பனங்கருப்பட்டி, மாங்காய் இருக்கட்டும். தீக்குச்சி கிடையாது, அது 1827-க்குப் பிறகு. அடுப்பு அணைந்தால் பக்கத்து வீட்டில் கங்கு வாங்க வேண்டும். தனியாகச் சாலையில் இருக்கிற பிள்ளைக்குத் தீயே கிடையாது என்பது நிஜமான ஆபத்து, அதைத் தவறவிடாதீர்கள். மண்ணெண்ணெய் கிடையாது, இலுப்பை எண்ணெயும் விளக்கெண்ணெயும்தான்.

வசனத்தைச் செந்தமிழில் எழுதினால் சரித்திரம் வந்துவிடும் என்று நினைப்பது பெரிய பிசகு. "தந்தையே, தாங்கள் எங்குச் செல்கிறீர்கள்?" என்று எந்தக் காலத்திலும் எந்த மீனவர் வீட்டிலும் பேசியிருக்க மாட்டார்கள். டெல்டாப் பேச்சையே எழுதுங்கள், ஆங்கிலம் வழி வந்த சொற்களை மட்டும் வடிகட்டுங்கள். சாவி, ஜன்னல், மேசை, அலமாரி, பீப்பாய், பாதிரி போன்ற போர்த்துகீசியச் சொற்களைத் தாராளமாக விடலாம். அந்தக் கரையில் வெள்ளையரோடு பேசும் பொது மொழியே போர்த்துகீசியம்தான். அன்றைய தமிழர்கள் எப்படி யோசித்தார்கள் என்று அறிய, 1712 முதல் 1714 வரை பாதிரிமாரின் கேள்விகளுக்குத் தமிழர்கள் எழுதிய 99 கடிதங்கள் இருக்கின்றன. ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலேயில் அச்சிட்டார்கள். ஐரோப்பியரின் குடிப்பழக்கத்தையும் சுத்தமின்மையையும் அவற்றில் வெளிப்படையாகக் கேலி செய்திருப்பார்கள். காத்தாயியின் சித்தப்பாவுக்கு வேண்டிய வசனம் அங்கே கொட்டிக் கிடக்கிறது. பேச்சுநடைக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் பாருங்கள். அது 1736-ல்தான் தொடங்குகிறது, புதுச்சேரி வணிகர் வீட்டுத் தமிழ் என்றாலும் அன்றாட நடைக்கு உதவும்.

சாதியை எழுதாமல் தவிர்க்க முடியாது. எந்தக் கிணற்றில் தண்ணீர் மொள்வாள், யார் திண்ணையில் உட்காருவாள், எந்தத் தெருவில் நடக்கமாட்டாள் என்பதெல்லாம் அவள் பயணத்தின் வழியையே தீர்மானிக்கும். பிரசங்கம் செய்யாமல், வழி சுற்றிப் போவதாகவே காட்டுங்கள்: நேர் தெரு இருக்க அவள் வயலில் இறங்கிச் சுற்றுகிறாள், ஆட்லரின் தம்பி ஏன் என்று கேட்கிறான், அவளுக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. அடிமை வியாபாரமும் அப்படியே. பஞ்ச காலத்தில் பிள்ளைகளை விற்றதும், அந்தக் கரையிலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றியதும் நடந்தவை. பத்து வயது வாசகரிடம் இதைச் சொல்லலாம்; துன்பத்தைத் துல்லியமாக வர்ணிக்க வேண்டியதில்லை, கம்பெனிக்கு மொழிபெயர்க்கும் தரகரான ஒரு துபாஷி தன் கணக்கில் அரிசிக்குக் கீழே ஒரு பெயரை எழுதுவதைக் காட்டினால் போதும். சித்தப்பாவைக் கொடூரனாக்க வேண்டாம். அவருக்கும் நான்கு பிள்ளைகள், வட்டி ஏறுகிறது. அவர் கணக்கு அவருக்குச் சரியாக இருக்கட்டும்.

பாதிரிமாரையும் அப்படியே நடத்துங்கள், தெய்வமாகவும் வேண்டாம், சூழ்ச்சிக்காரராகவும் வேண்டாம். சரித்திரத்தில் இருந்த பெரிய மனிதர்கள் சிறுவர் நாவலில் வாசலைத் தாண்டி ஓரிரு முறை வந்துபோனால் நல்லது. சீகன்பால்க் வந்து அவளைக் காப்பாற்றும் காட்சி எழுதினால் அந்த நிமிடமே நாவல் அவருடையதாகிவிடும். போதாததற்கு, அவர் 1714 கடைசியில் கப்பலேறி ஐரோப்பா போய் 1716-ல்தான் திரும்புகிறார். உங்கள் இரண்டாம் அத்தியாயத்தில் அவர் செய்யும் உபகாரத்தை இன்னொரு பாதிரியான க்ரூண்ட்லருக்கோ, பேரில்லாத ஒரு சமையற்காரிக்கோ மாற்றிவிடலாம். சமையற்காரி என்றால் இன்னும் நல்லது, சோறு அவள் கையில்தானே இருக்கிறது.

துக்கத்தை எப்படி எழுதுவது என்பதையும் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அநாதைக் கதைகளில் இரண்டு கோடிகள் உண்டு: பக்கத்துக்குப் பக்கம் அழுகை, அல்லது அப்பா அம்மா நினைப்பே இல்லாத குதூகலம். பிள்ளைகளின் துக்கம் விட்டுவிட்டு வரும், பெரும்பாலும் ஏதாவது பொருளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் துடுப்பை சித்தப்பா விற்றுவிட்டார். அதை வேறொருவர் பிடித்திருப்பதை ஏழாம் அத்தியாயத்தில் பார்க்கிறாள். அன்று முழுக்கக் காரணமில்லாமல் எல்லோரிடமும் சண்டை போடுகிறாள். துடுப்பு என்ற சொல்லுக்கு மேல் எதுவும் எழுத வேண்டாம். முடிவில் அவள் ராஜவம்சத்துப் பெண் என்றோ, அப்பா உயிரோடு இருக்கிறார் என்றோ திறக்காதீர்கள். அப்படிச் செய்தால் 23 அத்தியாயங்களில் அவள் சம்பாதித்ததையெல்லாம் பிறப்பு வந்து தட்டிப் பறித்துவிடும்.

திருத்தும்போது ஒரு கோலை எடுத்து, ஒவ்வொரு சரித்திரத் தகவலையும் தட்டிப் பாருங்கள்: அந்தக் காட்சியில் யாராவது அதைத் தொடுகிறார்களா, அதற்குப் பயப்படுகிறார்களா, அதனால் எதையாவது இழக்கிறார்களா? இல்லையென்றால் எடுத்துப் பின்குறிப்புக்குத் தள்ளுங்கள். ஒப்பந்தம் 1620-ல் என்பது பின்குறிப்பு; தைத்த படகின் தையல் தளர்வது கதை. பின்குறிப்பு ஒன்றரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எது நடந்தது, எது கற்பனை என்று அதில் தெளிவாகப் பிரித்துச் சொல்லுங்கள்: அச்சு இயந்திரமும் பள்ளியும் சிறைவாசமும் உண்மை, காத்தாயியும் கோடி வீட்டு ஓலையும் கற்பனை.

முதல் வேலையாக, இருக்கிற நான்கு அத்தியாயங்களை ஒன்றாகச் சுருக்குங்கள். பாட்டி அதன் கடைசிப் பக்கத்தில் போய்ச் சேரட்டும். இரண்டாம் அத்தியாயம் சித்தப்பா வீட்டு அடுப்படியில் தொடங்கட்டும், கடன் கொடுத்தவர் திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருக்க.